குற்றாலத்தில் வானத்தைப் பார்க்காதீர்கள்!

குற்றாலம் மெயின் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், சாரல்கூட இல்லை. தேய்த்துவிட்டவரின் கண் மட்டும் அருவி மேலேயே இருந்தது.

"தண்ணி கலங்கிட்டு அண்ணாச்சி. இனி விடமாட்டாவ" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் போலீஸ் விசில். எல்லோரையும் வெளியேற்றினார்கள். சற்று நேரத்தில் செம்மண் நிறத் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது.

மழையே இல்லாமல் வெள்ளமா? மழை பெய்திருக்கிறது, நம் தலைக்கு மேல் இல்லை. அவ்வளவுதான்.

சிற்றாறு பிறப்பது இந்த மலை உச்சியில்தான். அங்கிருந்து செண்பகாதேவி அருவியாக இறங்கி இங்கே வந்து விழுகிறது. தூரம் குறைவு, சரிவு அதிகம். அடியில் பாறை, அதன்மேல் உள்ள மண்ணும் சருகும் ஓரளவுதான் தண்ணீர் குடிக்கும். ஏற்கெனவே நனைந்திருந்தால் அடுத்த மழை அப்படியே வழிந்துவிடும். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து அத்தனை பேரும் ஒரே வாசலுக்கு வந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் ஓடைகள் எல்லாம் சேர்ந்து அருவித் தலைக்கு வருகின்றன. நீண்டு படுத்த பள்ளத்தாக்கு என்றால், பக்கத்துத் தண்ணீர் முதலில் போகும், தூரத்துத் தண்ணீர் பிறகு வரும். இங்கே அந்த இடைவெளி கிடையாது. தாமிரபரணியைப் போல வழியில் பிடித்து நிறுத்த அணையும் இல்லை.

நல்லவேளையாக, மெயின் அருவியில் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதுவும் சாதாரண நாளுக்குத்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். பெரிய சீசன் தொடங்கும் முன், கோடை மழையிலேயே வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓட எவ்வளவு நேரம் கிடைத்தது என்று.

ஆகவே வானத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பாருங்கள். நிறம் மங்குகிறதா, சருகும் குச்சியும் வருகிறதா, இரைச்சல் கனக்கிறதா? விசிலுக்குக் காத்திருக்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். துண்டு, சோப்பு, செல்போன் எதற்கும் திரும்பிப் போகாதீர்கள். கல்லும் கட்டையும் அந்தத் தண்ணீரோடுதான் வரும்.

அன்று எண்ணெய்த் தலையோடு ரூமுக்குத் திரும்பி, வாளித் தண்ணீரில் குளித்தேன். வேறென்ன செய்ய!

மறுநாள் காலை தடை நீங்கிவிட்டது. வேகமாக வரும் வெள்ளம் வேகமாகவே வடிந்தும் விடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. காலடியில் மட்டும், நேற்று மலை மேல் இருந்த மணல் நறநறத்தது.