மாஸ்டர் சிலிண்டர் கடைசியில்

அன்பு மருமகன் சேந்தனுக்கு,

கடிதம் கிடைத்தது.

மொரிஸ் மைனரின் பிறேக் முதல் மிதிக்குத் தரைவரை போகிறது, உடனே மறுபடி மிதித்தால் மேலே பிடிக்கிறது என்று எழுதியிருந்தாய். கராஜில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார்களாம். அவசரப்படாதே. அந்தக் காரில் அது சாரதியின் காலடியில், சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அதன் போல்ற்றுகளைக் கழற்ற ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். பெரிய வேலை, பெரிய பில்.

நீ சொல்லும் குணத்துக்குப் பெரும்பாலும் காரணம் பிறேக் சூ தேய்ந்து ட்ரம்மை விட்டு விலகியிருப்பதுதான். முதல் மிதி அந்த இடைவெளியைக் கடக்கவே சரியாகிவிடும். இந்தக் காரில் சூ தானாக நெருங்காது. நாம்தான் இறுக்க வேண்டும். சில்லை ஜாக்கில் தூக்கி, ஹப் கப்பைக் கழற்று. சில்லின் ஓட்டை வழியாக அஜஸ்டர் தெரியும்வரை சில்லைச் சுற்று. ஸ்குரூட்ரைவரால் வலப்பக்கம் திருப்பு. சில்லு இறுகியதும் ஒரு கிளிக் பின்னே விடு. அஜஸ்டர் பின்சில்லில் ஒன்றுதான், முன்சில்லில் இரண்டு. பலர் முன்னுக்கும் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துவிடுவார்கள். கராஜில் செய்வித்தால் நீ பக்கத்தில் நின்று பார்.

அதற்குப் பிறகும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. மிதித்தபடியே வைத்திருக்க மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லலாம்.

பிறேக் பிடித்தால் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்றாயே, வலப்பக்கத்து ட்ரம்மையும் திறக்கச் சொல். அங்கே கிறீஸ் பட்ட சூவோ, இறுகிப்போன சிலிண்டரோ இருந்தாலும் கார் இடப்பக்கம்தான் போகும். பழைய சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதவிடாதே, ஈரத்துணியால் துடை. மிதித்த காலை எடுத்த பிறகும் ஒரு முன்சில்லு இறுகியே நின்றால் அதன் காற்றெடுக்கும் நிப்பிளைத் திற. எண்ணெய் பீறி வந்து சில்லு இளகினால் றப்பர் ஹோஸில் சந்தேகம் வை. வெளியே புதிது போலிருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும்.

பிறேக் ஒயில் விட, காலடிக் கம்பளத்தைத் தூக்கி மாஸ்டர் சிலிண்டரின் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திற; மண் உள்ளே விழுந்தால் சீல் போய்விடும். அவசரத்துக்கென்றாலும் இஞ்சின் ஒயில் விடாதே. றப்பர்கள் ஊதிப்போய், எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். யுத்த காலத்தில் இங்கே இஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், பொறுத்துக்கொண்டன. பிறேக் அப்படிப் பொறுக்காது.

இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே சுற்றுத்தான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் கால் பிறேக் முழுவதும் போய்விடும். கேபிளில் பின்சில்லைப் பிடிக்கும் ஹாண்ட் பிறேக் மட்டுமே மிச்சம். அதையும் சரிபார்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் காரில்தான் வருவேன் என்று அடம்பிடிக்காதே. ஏ9 பாதையில் குறுக்கே வரும் மாட்டுக்கு உன் காரின் வயது தெரியாது. இந்த முறை ரயிலில் வா. அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மாமா