உருளும் டிரம்முக்கு ஒரு புது பேஸ்

பெரியபாளையத்திலிருந்து ஆரணி, புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பாதையில் சின்னச் சின்ன வெல்டிங் பட்டறைகள் உண்டு. கேட், கிரில், டிரெய்லர் ரிப்பேர் என்று வேலை ஓடும். ஆடி மாதம் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் அங்கே வண்டி நகராது. அந்தக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு வார நாளில் போனேன். கூழாங்கல்லை மெருகேற்றும் டிரம் ஒன்றுக்கு அங்கே புது பேஸ் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

டிரம்முக்குச் சொந்தக்காரர் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, பழைய கால் எச்பி மோட்டாரைப் பூட்டி, எல்லாம் தானே செய்தது. உள்ளே கல்லும் தண்ணீரும் கார்பொரண்டம் தூளும் போட்டு மூடிவிட்டால், இரண்டு உருளைகளின் மேல் படுத்தபடி டிரம் இரவு பகலாகச் சுற்றும். 80ஆம் நம்பர் தூளில் ஒரு வாரம், பிறகு 220, பிறகு 500, கடைசியில் பாலிஷ் பவுடர். ஒவ்வொரு முறையும் கல்லையும் டிரம்மையும் சுத்தமாகக் கழுவ வேண்டும். முந்தின தூளில் ஒரு துளி தங்கிவிட்டாலும் அடுத்த வாரத்து மெருகில் கீறல் விழும்.

ஒரு மாதம் நிற்காமல் ஓட வேண்டிய இயந்திரம் பிளைவுட் பலகை மேல் நின்றிருந்தது. கசிந்த தண்ணீரில் பலகை ஊதி, போல்ட் ஓட்டைகள் இளகி நீண்டுவிட்டன. கார்பொரண்டம் கலந்த சேறு நைலான் புஷ்களுக்குள் புகுந்து அவற்றைத் தின்றுவிட்டது. ஷாஃப்ட் ஒரு பக்கம் இறங்கியதும் டிரம் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து மரத்தில் உரச ஆரம்பித்திருக்கிறது.

வெல்டர் ஒரு ஃபவுண்டரியில் பல வருஷம் இருந்தவர். வார்ப்பில் ஒட்டிய மணலை உதிர்க்க அங்கேயும் காஸ்டிங்குகளை இரும்பு பேரலில் போட்டு உருட்டுவார்கள். அதனால் இந்தச் சின்ன டிரம்மைப் பார்த்ததுமே அவருக்கு வேலை புரிந்துவிட்டது. “மோட்டார்ல ஒண்ணும் கோளாறு இல்லண்ணே. கீழ பிடிமானமே இல்லாம அது என்னா பண்ணும்?” என்றார்.

40 மில்லிமீட்டர் எல் ஆங்கிளை அளந்து வெட்டினார். நான்கு துண்டுகளையும் தரையில் பரப்பி, மூலைமட்டம் வைத்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொட்டு டேக் மட்டும் வைத்தார். உடனே முழு வெல்டிங்குக்குப் போகவில்லை. டேப்பை எடுத்து ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். சுத்தியலால் ஒரு மூலையில் லேசாகத் தட்டினார், மறுபடி அளந்தார், மறுபடி தட்டினார். இரண்டு அளவும் ஒன்றானதும்தான் முகக்கவசத்தை இறக்கினார். அப்போதும் ஒரு மூலையை முடித்துவிட்டு எதிர் மூலைக்குத் தாவினார். ஒரே பக்கமாகச் சூடு ஏறினால் இரும்பு இழுத்துக்கொண்டு சட்டம் முறுக்கிவிடும். நூறு ரூபாய் கேட்டாலும் பேரம் பேசும் நாம், இந்த அளத்தலுக்கும் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் அவர் கூலி கேட்கிறார் என்பதைப் பார்ப்பதே இல்லை.

புஷ்களுக்குப் பதில் 20 மில்லிமீட்டர் பிளம்மர் பிளாக் பேரிங் நான்கு. ஷாஃப்ட்டுகளுக்கு மேல் சோப்புத் தண்ணீர் தடவி ரப்பர் ஹோஸை இழுத்து ஏற்றினார்கள். வழுக்காமல் டிரம்மைப் பிடித்துச் சுற்றுவது அந்த ரப்பர்தான். இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவே இந்த முனையில் எவ்வளவு இடைவெளியோ அந்த முனையிலும் அவ்வளவே இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரம் பழையபடி ஓரத்துக்கு நடக்கும்.

வேகக் கணக்கு எலக்ட்ரீஷியனுடையது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் 2 அங்குல புல்லி, ஷாஃப்ட்டில் 12 அங்குலம். 240 ஆகக் குறையும். ரப்பரோடு சேர்த்து உருளை 32 மில்லிமீட்டர், டிரம் 160. ஆக டிரம் நிமிடத்துக்கு 48 முறை சுற்றும். 110ஐ நெருங்கினால் கற்கள் டிரம் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், ஒன்றன்மேல் ஒன்று சரியாது, தேயவும் தேயாது. மோட்டாரைக் கீல் வைத்த தகட்டில் தொங்கவிட்டார்கள். அதன் எடையே பெல்ட்டை இறுக்கிக்கொள்ளும். மோட்டார் மேல் சொட்டாமல் ஒரு தகரத் தடுப்பு, சட்டத்துக்கு எர்த் வயர், நான்கு காலுக்கும் பழைய டயர் துண்டு. சாயங்காலம் சுவிட்சைப் போட்டபோது டிரம் இடத்தை விட்டு அசையாமல் சுற்றியது. வெல்டர் வெகுநேரம் பேரிங்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் உருட்டும் கல் இந்தப் பகுதியின் குவார்ட்சைட் கூழாங்கல். இங்கிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863இல், பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த சில மாதங்களில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கேயும் கற்கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது. அவையும் இதே குவார்ட்சைட்டில் செய்தவைதான்.

ஆகவே கல் உருட்டும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரம்முக்காகப் பொறுக்கும்போதே ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பாருங்கள். ஓரங்களில் வரிசையாகச் சில்லு பெயர்த்த தழும்பும் கூரான முனையும் இருந்தால் அது மனிதக் கை பட்ட கருவியாக இருக்கலாம். 80ஆம் நம்பர் தூள் ஒரே வாரத்தில் அந்தத் தழும்புகளை அழித்துவிடும். அப்படியொரு கல் கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பூண்டியிலேயே துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.