உரும்பிராயில் ஒரு லொறிக்கு அச்சு மாற்றிய கதை



மாமாவின் லொறியைத் தெருவில் காணவில்லை, விற்றுவிட்டீர்களோ என்று பள்ளிவாசலடியிலும் சந்தையிலும் பலர் கேட்டுவிட்டார்கள். விற்கவில்லை. ஏழு கிழமையாக உரும்பிராயில் ஒரு கராஜில் சில்லு இல்லாமல் மரக்குற்றியில் நின்றது. முன் அச்சு, பின் அச்சு, பிரேக் எல்லாம் மாற்றினோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனதால் இங்கே ஒரேயடியாக எழுதுகிறோம். லொறி வைத்திருக்கிற ஆட்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம், அந்த லொறிக்கு முன்னால் ரோட்டில் போகிறவர்கள் நீங்கள்தானே.

எங்களுடையது எண்பதுகளில் செய்த ஜப்பான் லொறி. நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். அந்தக் காலத்து வேகத்துக்கும் பாரத்துக்கும் அது போதும். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த பிறகு மாமா முதலில் வாங்கிய பொருளே இதுதான். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது உம்மாவின் வாப்பாவுடைய பெட்போர்ட் லொறி இங்கேயே நின்றுவிட்டது. அதன் கதி என்னவென்று இன்றுவரை தெரியாது. ஆகவே "பழசை வித்துப்போட்டு வேற பாருங்கோ" என்று மாமாவிடம் யாரும் லேசில் சொல்ல முடியாது. வேறு பார்ப்பதற்கும் வழியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறந்தபோது விலை எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் நின்றது.

லொறியை ஓட்டுகிறவன் மச்சான், மாமாவின் மூத்த மகன். உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிக்கொண்டு இரவில் தம்புள்ளைக்குப் போவான். போக ஏறக்குறைய 250 கிலோமீற்றர். ஏ9 வீதி திருத்திய பிறகு எல்லாருக்கும் வேகம் கூடிவிட்டது. மாட்டுக்கும் யானைக்கும் அது தெரியாது. போன மாரியில் மதவாச்சிக்குக் கிட்ட ஒரு மாட்டுப்பட்டி குறுக்கே வந்தது. முதல் மிதிக்குப் பிரேக் பிடித்தது, இரண்டாம் மிதிக்குப் பெடல் கீழே போனது. வயல் ஓரத்தில் இறக்கி நிறுத்தினான். அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலை மாமி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்ததைப் பார்த்த பிறகு லைனிங் மாற்றுகிற கதையை நாங்கள் விட்டுவிட்டோம்.

நாங்கள் படிப்பிக்கிற விஞ்ஞானப் பாடத்தில் இது இருக்கிறது. ஓடுகிற பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 40இல் போன லொறி 60இல் போனால் பிரேக் விழுங்கவேண்டிய சூடு ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. டிரம் சூடானால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். பெடல் கீழே போவது அதனால்தான். டிஸ்க் சூடானால் பாட்டை நோக்கித் தடிக்கும். காற்றும் நேரே படுவதால் கெதியில் ஆறும்.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி எடுத்த காலத்தில் உரும்பிராயால் போய்வருவோம். கராஜ் அப்போதே பழக்கம். அங்கே வேலை செய்கிற அண்ணை தொண்ணூறுகளில் தொழில் பழகியவர். எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் குடாநாட்டுக்குள் வர விடாத காலம். ஒஸ்ரின் கார்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். எதையும் எதிலும் பொருத்துகிற கை அவருடையது. அப்படிப்பட்டவரே இந்த வேலைக்கு நிபந்தனை போட்டார்.

"மாஸ்டர், முன்னுக்கு மட்டும் டிஸ்க் போட்டுத் தாங்கோ எண்டு கேக்காதேங்கோ. அரைவாசி வேலை நான் செய்யமாட்டன். ஒரே லொறியின்ர முன் அச்சு, பின் அச்சு, மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாம் ஒண்டாய்க் கொண்டுவாங்கோ."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டிரம்மில் ஒரு கட்டை சுழற்சியோடு தானே இழுபட்டு இறுக்கும், அதனால் குறைந்த அழுத்தம் போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. கூடிய அழுத்தம் வேண்டும், ஆகவே பெரிய பூஸ்டர் வேண்டும். கலிப்பரின் பிஸ்டன் பெரிது, கூட ஒயில் கேட்கும். சின்ன மாஸ்டர் சிலிண்டரை விட்டுவைத்தால் பெடல் தரைக்குப் போகும். இன்னொன்று, டிரம் லைனில் கொஞ்ச அழுத்தம் எப்போதும் நிற்கும்படி ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அந்த லைனில் டிஸ்க்கைப் பூட்டினால் பாட் ஓயாமல் உரசிச் சூடாகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் மாமாவும் மச்சானும் மூன்று நாள் அலைந்தார்கள். இருபது வருடம் பிந்திய லொறி ஒன்றின் முழுச் செற் கிடைத்தது. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு அகலமான டிரம். விற்றவர் பின் அச்சோடு தொங்கிய ஒரு சின்ன வால்வைக் கழற்றி எறியப் பார்த்தார். அதுதான் பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது. அது இல்லாவிட்டால் வெறும் லொறி மழையில் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும். அண்ணை தொலைபேசியிலேயே கத்தி அதை எடுப்பித்தார்.

முன் அச்சில் ஒட்டு வேலையும் கூடாது, ஓட்டை போடவும் கூடாது. அதனால் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலான தூரம் எங்கள் சசியோடு பொருந்துகிறதா என்று அங்கேயே அளந்துதான் காசு கொடுத்தார்கள். பின் அச்சு அப்படிப் பொருந்தவில்லை. ஸ்பிரிங் உட்காரும் இருக்கைகளை வெட்டித் தள்ளி ஒட்டவேண்டி வந்தது. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் ஒட்டி, ஆறவிட்டு, மறுபக்கம் இரண்டு அங்குலம். ஒரேயடியாக ஒட்டினால் குழாய் வளைந்துவிடும். அதற்கு முன்னமே டிஃப்பின் மூக்கு கியர்பொக்ஸோடு சமாந்தரமாக நிற்கிறதா என்று பார்த்தார். அந்தக் கோணம் பிழைத்தால் புரொப்பெல்லர் சாஃப்ட் லொறியையே நடுங்க வைக்கும். இந்த வேலைக்கு மட்டும் நாலு நாள்.

றிம்மும் ஐந்தும் மாற்றினோம். பழைய றிம்முக்குள் கலிப்பர் அடங்காது, போல்ட் ஓட்டைகளும் வேறு. இரண்டு அச்சும் ஒரே லொறியுடையதாக இருந்ததன் நன்மை அப்போது விளங்கியது. ஸ்பெயர் சில்லு எந்தப் பக்கமும் ஏறும்.

இப்போது முக்கியமான இடம். பழைய டிஃப் 6.1க்கு ஒன்று, வந்தது 5.1க்கு ஒன்று. பாரத்தோடு கிளம்பக் கொஞ்சம் கஷ்டம், ஓட்டத்தில் இஞ்சின் அமைதி. மச்சானுக்குச் சந்தோசம். ஆனால் வேகமானிக்கான கயிறு கியர்பொக்ஸிலிருந்து வருகிறது, அதற்கு டிஃப் மாறியது தெரியாது. அது 50 காட்டும்போது லொறி உண்மையில் 60இல் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50ஐ 6.1ஆல் பெருக்கி 5.1ஆல் வகுக்க வேண்டும். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, பிரேக்குக்குப் போகும் சூடோ நூற்றுக்கு 44 கூடுகிறது. புதுப் பிரேக் போட்ட சந்தோசத்தில் இதைக் கவனிக்காமல் ஓடுகிற லொறிகள் எத்தனையோ! பல்லு எண்ணிக்கை பொருந்துகிற சின்னக் கியர் ஒன்றைத் தேடிப் போட்டு, தொலைபேசி ஜிபிஎஸ்ஸோடு பலாலி வீதியில் மூன்று தரம் சரிபார்த்தோம்.

ஹாண்ட் பிரேக் பழையதுதான், கியர்பொக்ஸுக்குப் பின்னால் சாஃப்ட்டைப் பிடிப்பது. இந்த வகை வைத்திருக்கிறவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். பின் சில்லு ஒன்றை ஜக்கில் உயர்த்தினால் டிஃப் சுற்றிக்கொடுத்துவிடும், ஹாண்ட் பிரேக் இருந்தும் லொறி உருளும். சில்லுக்குக் கட்டை வைக்காமல் ஜக் போடாதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளை உதவிக்குக் குனிந்திருக்கும்போது இதைப் படிக்க வேண்டாம்.

செலவைப் பற்றியும் கேட்டார்கள். புதிய லொறி ஒன்றின் விலையில் பத்தில் ஒரு பங்கும் வரவில்லை. மாமியின் காப்பு இரண்டு அடைவில் இருக்கிறது.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மணல் மூட்டை ஏற்றி ஓடிப் பார்த்தோம். அண்ணை பக்கத்து சீற்றில் இருந்தார். 40இல், பிறகு 60இல், நேரே நின்றது, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. பத்துத் தரம் அடுத்தடுத்து மிதித்தும் பெடல் அதே உயரம். இஞ்சினை நிறுத்திய பிறகும் மூன்று மிதிக்குப் பூஸ்டர் கைகொடுத்தது. அண்ணை இறங்கி டிஸ்க்குக்குக் கிட்டக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இனித் தம்பி நித்திரை கொள்ளாமல் ஓடினால் போதும்" என்றார். மாமா அவருக்குக் கூலி கொடுத்தபோது பாதியைத் திருப்பித் தந்தார். பெடல் உயரத்தைப் பற்றி வாதாடுகிற மனிதர் இதைப் பற்றி வாதாட விடவில்லை.

அச்சும் பிரேக்கும் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். தகுதிச் சான்றிதழ்ப் பரிசோதனைக்கு வருகிற செவ்வாய் கொண்டுபோகிறோம், இன்ஷா அல்லாஹ். அது கைக்கு வரும்வரை வெங்காயம் ஏற்றச் சொல்லி மச்சானுக்கு அழைப்பு எடுக்கவேண்டாம்.