கேட்டு நடித்த கலைஞர்

படவுலகில் பேசிப் புகழ் பெற்றோர் பலர். பாடிப் புகழ் பெற்றோர் சிலர். பிறர் பேசுவதைக் கேட்டே அழியாப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அவர்தாம் குணசித்திர நடிகர் ரி. எஸ். பாலையா. வசனம் பேசுவதில் அவர் யாருக்கும் இளைத்தவர் அல்லர். இழுத்தும் நிறுத்தியும், ஒரே சொல்லை இரு பொருள் தோன்றச் சொல்லியும் அவர் பேசும் விதம் தனியழகுடையது. ஆயினும் அவர் நடிப்பின் சிகரங்களை எண்ணிப் பார்க்குங்கால், அவற்றுட் பல அவர் வாய் திறவாதிருந்த வேளைகளாகவே நமக்குத் தோன்றுகின்றன.

கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற உடன்குடிக்கு அருகிலுள்ள சுப்பிரமணியபுரத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் பாலையா. நாடக மேடையில் பயின்று படவுலகுக்கு வந்தார். அவருடைய முதற்படம் 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் படமாக்கினார். எம். ஜி. இராமச்சந்திரன் திரையில் முதன்முதல் தோன்றியதும் அப்படத்திலேதான்.

இப்படத்தின் கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. கதாநாயகனாகிய கிருஷ்ணமூர்த்தியைத் தீய நண்பன் ஒருவன் குடிப்பழக்கத்துக்கு ஆளாக்குகிறான். குடிவெறியில் கொலை செய்துவிட்டதாக நம்பிய கிருஷ்ணமூர்த்தி, மனைவி மக்களைப் பிரிந்து கடல் கடந்து இலங்கைக்கு ஓடி வருகிறான். தேயிலைத் தோட்டத்திலே கூலியாளாக உழைக்கிறான். ஒரு குடும்பத்தை இவ்வாறு சிதைக்கும் அந்தத் தீய நண்பனே பாலையா ஏற்ற பாத்திரம். தேனொழுகும் பேச்சினால் பிறரைக் கெடுப்பவன் அவன். மறு ஆண்டில் வெளிவந்த ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிராளியாக நின்றார். அது முதல் வில்லன் என்றால் பாலையா என்று ஆயிற்று. 1956இல் வந்த ‘மதுரை வீர’னிலும் அவர் அந்த வேடமே தாங்கினார்.

எனினும், ஒரே சட்டைக்குள் அடங்கிப் போகிற மனிதராக அவர் இருக்கவில்லை. அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ 1949இல் படமாகியபோது, கோபத்தால் நிலை தடுமாறும் கதாநாயகனுக்கு நல்வழி கூறும் நண்பன் மணியாக வந்தார். நண்பனைக் கெடுப்பவனாகத் திரையில் நுழைந்தவர், பதின்மூன்று ஆண்டுகளில் நண்பனைக் காப்பவனாகவும் நின்றார். இரண்டையும் மக்கள் நம்பினார்கள். வயது முதிர்ந்த பின்னரோ, தந்தையாகவும் வித்துவானாகவும் வந்து புதியதொரு புகழை ஈட்டினார்.

அப்புகழுக்கு முதற்சான்று, ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் வர்ணப்படம். பணத்தின்மேல் பற்றுக்கொண்ட தோட்ட முதலாளி விசுவநாதனாகப் பாலையா வருகிறார். அவர் மகன் செல்லப்பாவாக நாகேஷ். படம் எடுக்கத் துடிக்கும் மகன், தன் திகிற்கதையைத் தந்தைக்குச் சொல்கிறான். அக்காட்சியை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. கதவு கிரீச்சிடும் ஓசை முதலாக எல்லாவற்றையும் நாகேஷ் தம் வாயாலும் உடலாலும் எழுப்புகிறார். பாலையா செய்வதெல்லாம் கதை கேட்பது ஒன்றே.

முதன்முறை பார்ப்பவர் கண் நாகேஷைத் தேடியே செல்லும். அக்காட்சியை மீண்டும் பார்க்க வாய்ப்பவர்கள் பாலையாவை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும். மகனின் பிதற்றலைக் கேட்டுத் தொலைப்போம் என்னும் அலட்சியம் முதலில் முகத்தில் இருக்கிறது. பின்னர் அது ஆவலாகிறது, ஆவல் ஐயமாகிறது, ஐயம் அச்சமாகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர் எப்போது மாறினார் என்று விரல் வைத்துக் காட்ட இயலாது. இத்தனைக்கும் அங்கே பேயுமில்லை, இருளுமில்லை. கேட்பவர் நடுங்கியதால் நமக்கும் பேய் தெரிகிறது. சொல்லுபவரின் திறமை பாதி என்றால், கேட்டவரின் திறமை மறுபாதி.

அடுத்த ஆண்டு வெளியான ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதராக வந்தார் பாலையா. பாண்டியன் அவையிலே செருக்கோடு சவால் விடும் அந்த வித்துவானுக்கு, பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் பாட்டாக அமைந்தது. அந்தச் செருக்கைத் தலையசைப்பிலும் தோள் நிமிர்விலும் காட்டிய பாலையா, விறகு விற்பவராக வந்த இறைவனின் பாட்டைக் கேட்கும்போது வேறொரு மனிதராகிறார். ‘பாணபத்திரரால் சீடனாகக் கொள்ளத் தகாதவன் என்று தள்ளப்பட்டவனே நான்’ என்று விறகுவிற்பவர் கூறக் கேட்டதும் அவர் முகத்தைப் பாருங்கள். பொறாமை அங்கே இல்லை; தம்மினும் பெரிய வித்தையைத் தம் செவியே கேட்டுவிட்டது என்ற உண்மைதான் இருக்கிறது. தோற்றவர்மேல் நமக்கு இரக்கமும் மதிப்பும் ஒருங்கே பிறக்கின்றன. செவி உள்ளவனே தன் தோல்வியை உணர முடியும்.

மூன்றாவது, 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். நாயன வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், தவில் வித்துவான் முத்துராக்காகப் பாலையாவும் நடித்தனர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைப் பெற்ற யாழ்ப்பாணத்தாருக்குத் தவிலின் பெருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. நாயனம் எங்கே செல்கிறது என்று செவி கொடுத்திருந்து, இடமறிந்து நிரப்பி, இடமறிந்து அடங்குவது அக்கலை. அதுவே பாலையாவின் நடிப்பிலக்கணமும் ஆகும்.

காயம்பட்டுத் தேறிவரும் நாயனக்காரரிடம், மோகனாம்பாளாகிய பத்மினி சபை நடுவே ஆடலாலும் பாடலாலுமே நலம் விசாரிக்கிறாள். அவர் நாயனத்தால் விடை கூறுகிறார். இருவர் உள்ளத்தையும் அறிந்த முத்துராக்கு அருகிலிருந்து தவில் வாசிக்கிறார். அவர் சொல்ல வேண்டிய வசனம் எதுவுமில்லை. ஆனாலும் உள்ளம் உருகுவது அவர் முகத்தில் தெரிகிறது; அதைக் கண்டு நாமும் உருகுகிறோம். காதலர் இருவருக்கும் நமக்கும் இடையே பாலமாக அமைந்தது அந்த ஒரு முகமே.

இவ்வளவு செய்தும் மேற்சொன்ன காட்சிகளில் ஒன்றேனும் அவருக்கென்று தனியே அமைந்ததன்று. ஒன்று நாகேஷின் காட்சி. மற்றவை இரண்டும் சிவாஜியின் காட்சிகள். பிறர் காட்சியிலே தம் கடமையைக் குறைவறச் செய்தார். அவர் முகத்தை நீக்கிவிட்டு அக்காட்சிகளை நினைத்துப் பார்க்க முடிகிறதா என்று கேட்டால், முடியவில்லை என்பதே நம் விடை.

பாடசாலைகளில் நாடகம் பழகும் மாணவ மாணவியர்க்கு இதில் நல்ல பாடம் உண்டு. தம் வசனத்தை மனனம் செய்து முடித்தவர்கள், அடுத்தவர் பேசும்போது தம் முறை எப்போது வரும் என்று காத்து நிற்பதை மேடைகளில் காண்கிறோம். உடல் அங்கே நிற்கும். செவி அங்கே இராது. அக்கணமே நாடகம் இறந்துவிடுகிறது. தம் முறை வராத வேளையிலும் மேடையில் வாழ்பவரே நடிகர்.

மேடைக்கு மட்டும் உரிய பாடமும் அன்று இது. வள்ளுவர் ‘கேள்வி’ என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நம் இல்லங்களிலோ இன்று எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. பிள்ளை ஒரு கதை சொல்ல வந்தால் நிமிர்ந்து பார்த்துக் கேட்க ஆளில்லை. விசுவநாதன் பணப்பற்றுள்ள தந்தைதான். மகனின் படக்கனவில் நம்பிக்கை அற்றவர்தான். ஆயினும் அன்று உட்கார்ந்து, நடுங்க நடுங்க, கதையைக் கேட்டாரே! அந்த ஒரு நாழிகையில் செல்லப்பா உலகிலேயே பெரிய கதாசிரியன் ஆகிவிட்டான் அல்லவா?

1972ஆம் ஆண்டு பாலையா மறைந்தார். அவருடைய படங்கள் இன்றும் தொலைக்காட்சியில் வருகின்றன. அடுத்த முறை அவற்றுள் ஒன்று வரும்போது, பேசுபவரைச் சற்று விட்டுவிட்டு, பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் பார்ப்போமாக. பிள்ளைகளையும் அருகே அழைத்துக் காட்டுவோமாக. அவர்கள் அதைப் பற்றி ஏதேனும் சொல்லத் தொடங்கினால், கேட்போமாக.