தம்பிக்கு, மூச்சைப் பற்றி



அக்கா எழுதுவது. பிரஷர் கூடிவிட்டது, ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை என்று அம்மா போனில் சொன்னாள். செல்போனைப் பார்த்துச் சிரசாசனம் போடுகிறாயாம். அதை இன்றைக்கே நிறுத்து. பிரஷர் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது.

யோகம் பழக நினைத்தது நல்லதுதான். ஆனால் மூச்சிலிருந்து ஆரம்பி. நான் பழகுவது கிருஷ்ணமாச்சாரியார் வழி. 1888இல் கர்நாடகத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள்தான். பக்கவாதம் வந்த ஒரு வக்கீலுக்குச் சிகிச்சை தர 1952இல் சென்னைக்கு வந்தவர், 1989இல் மறையும் வரை இங்கேயே இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் என்ஜினீயரிங் படித்துவிட்டு அப்பாவிடமே மாணவராக உட்கார்ந்தவர். சென்னையில் 1976இல் யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது அவர்தான். ஆளைப் பார்த்துத்தான் பயிற்சி என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். அதனால் எனக்குச் சொன்னதை அப்படியே நீ செய்ய முடியாது. அடிப்படையை மட்டும் எழுதுகிறேன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். மூச்சு உள்ளே போகத் தொடங்கட்டும். அதற்குப் பிறகு கையைத் தூக்கு. கை மேலே போய் நின்ற பின்னும் மூச்சு ஒரு கணம் ஓட வேண்டும். இறக்கும்போதும் அப்படியே. வடம் முன்னே போக, தேர் பின்னால் வர வேண்டும். தொண்டையை லேசாகச் சுருக்கி மூக்கு வழியாகவே மூச்சு விட்டால் மெல்லிய ஒலி கேட்கும். உஜ்ஜாயி என்பார்கள். அந்த ஒலி கரகரத்தாலோ நடுவில் அறுந்தாலோ உன் சக்திக்கு மேல் போகிறாய் என்று அர்த்தம். வீம்பு பிடிக்காதே, குறைத்துக்கொள். உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே எதிலும் அவசரம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, விடும் மூச்சை நீளமாக்கு. நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலும் பூரகம் (இழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்றுதான் கணக்கு. விடுவது இழுப்பதைப் போல் இரு மடங்கு. கும்பகம் உனக்கு வேண்டவே வேண்டாம், மூச்சை அடக்காதே.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடும்போது மெதுவாகும். வேகஸ் நரம்பு செய்யும் வேலை அது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். ஆறு, ஏழுக்குக் கொண்டுவந்தால் படபடப்பு அடங்குவது உனக்கே தெரியும். அத்தான் தவறிய பிறகு எனக்கும் ராத்திரிகள் நரகமாக இருந்தன. நெஞ்சுக்கு மேலேயே மூச்சு நின்றுவிடும். அது வயிறு வரை இறங்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் தூங்கினேன். கவலை போகவில்லைடா, ஆனால் அதோடு படுத்துத் தூங்க முடிந்தது.

தலை சுற்றினால் உடனே விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடு. சாப்பிட்ட கையோடு செய்யாதே. நேரில் பார்த்துச் சொல்லித்தரும் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடிப் போ. டாக்டர் சொல்லாமல் பிரஷர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதே. இந்த வாரமே ஆரம்பித்துவிட்டு எனக்கு எழுது.

உன் அக்கா