பெருகும் மீன் ஏன் பெருப்பதில்லை? அலபாமா குட்டைகளின் தூண்டில் கணக்கு

‘பண்ணைக்குட்டையில் விட்ட மீன் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. ஆனால், ஒன்றுகூட உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. என்ன செய்யலாம்?’ ஜிலேபி கெண்டை புகுந்துவிட்ட குட்டைக்காரர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. இதே கேள்வியை 90 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் அலபாமா மாநில விவசாயிகளும் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடையில் பாதி ஆராய்ச்சி, மீதிப் பாதி தூண்டில்.

செம்மண் மேட்டில் ஓர் ஊர்

அலபாமாவின் தலைநகர் மாண்ட்கோமரியிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் ஆபர்ன். ஏற்ற இறக்கமான நிலம். மழை பெய்தால் சிவப்பாக ஓடும் களிமண். ஆண்டுக்கு சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை உண்டு. மாநிலத்தின் நடுவே நம் கரிசலைப் போன்ற கறுப்பு மண் பட்டை ஒன்று குறுக்காக ஓடுகிறது. செம்மண்ணோ, கறுப்பு மண்ணோ, இரண்டிலும் ஒரு காலத்தில் பருத்திதான் ராஜா. பிறகு பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு வந்தது. ஆண்டாண்டாகப் பருத்தி மட்டுமே விதைத்ததால் மேல்மண்ணும் அரித்துப்போனது. 1935-ல் மண் பாதுகாப்புக்கென்று அரசு ஒரு துறையைத் தொடங்கியது. அந்தத் துறை விவசாயிகளுக்கு உதவிய வேலைகளில் ஒன்று, குட்டை அமைத்தல்.

அந்தக் குட்டையை நம் ஊர்க்காரர் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். நான்கு பக்கமும் தோண்டிய பள்ளம் அல்ல அது. இரண்டு மேடுகளுக்கு இடையே தண்ணீர் இறங்கும் பள்ளத்தில் குறுக்கே ஒரு மண்கரை, மிகுதி நீர் வழிந்தோட ஒரு கலிங்கு. நம் ஏரியின் சிறிய வடிவம்தான். கரையில் மரம் வைக்க மாட்டார்கள், வேர் கரையைத் துளைக்கும் என்று. புல் மட்டும் வெட்டிய நிலையில் இருக்கும். மாடு குடிக்கத் தண்ணீர், வறட்சிக்குச் சேமிப்பு, வீட்டுக்கு மீன் என்று ஒரே குட்டையில் மூன்று பயன்.

மூன்றாவது பயன்தான் சரியாக நடக்கவில்லை. அப்போது ஆபர்னில் இருந்த வேளாண் கல்லூரியில் பணியாற்றிய ஹோமர் ஸ்விங்கிள், பூச்சியியல் பிரிவில் வேலைக்கு வந்தவர். 1930-களில் அவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் சோதனைக் குட்டைகளை வெட்டி, மீன் விட்டு, பிறகு தண்ணீரை முழுவதும் வடித்து, கிடைத்த மீன்களை எண்ணி எடை போட்டார்கள். அந்தக் கல்லூரியே 1960-ல் ஆபர்ன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது.

எடை மாறாது, எண்ணிக்கைதான் மாறும்

அவர்கள் கண்டது எளிய உண்மை. ஒரு குட்டை, அதில் உள்ள இரைக்கு ஏற்ற அளவு மீன் எடையைத்தான் தாங்கும். ஒரு குட்டை 100 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,000 மீன் இருந்தால் தலைக்கு 100 கிராம். 10,000 மீன் இருந்தால் தலைக்கு 10 கிராம். நாற்றங்காலில் நெருக்கி விதைத்த நாற்று போலத்தான்.

அங்கே பெருகுகிற மீனின் பெயர் ப்ளூகில். தட்டையான உடம்பு, செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கருநீலப் பொட்டு, சின்ன வாய். பூச்சி, புழு, நீர்ப்பேன் தின்னும். வசந்தத்தில் தண்ணீர் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆண் மீன்கள் ஆழம் குறைந்த இடத்தில் வட்டக் குழி பறித்துக் கூட்டமாக முட்டைக்குக் காவல் இருக்கும். கோடை முழுவதும் பல முறை இனப்பெருக்கம் நடக்கும். வாணலிக்குள் முழுதாக அடங்குவதால் இந்த வகைச் சிறு மீன்களுக்கு அமெரிக்காவில் ‘வாணலி மீன்’ என்றே பொதுப்பெயர்.

இதை அடக்க ஸ்விங்கிள் சேர்த்தது பெருவாய்ப் பாஸ் என்ற வேட்டை மீன். வளமான குட்டைக்கு ஏக்கருக்கு 1,000 ப்ளூகில் குஞ்சு, 100 பாஸ் குஞ்சு என்ற பத்துக்கு ஒன்று கணக்கு அங்கே பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. பாஸ் குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும்; மீதமுள்ள ப்ளூகில் பெருக்கும். ஆனால், பாஸ் மட்டும் போதாது. மனிதனும் பிடிக்க வேண்டும். ஒரு கிலோ பாஸ் எடுத்தால் நான்கைந்து கிலோ ப்ளூகில் எடு என்பது பொது விதி. பலர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். பெரிய பாஸைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு, சின்ன மீனைப் பாவம் பார்த்துத் திரும்ப விட்டார்கள். குட்டை கெட்டது அங்கேதான்.

எந்தத் தூண்டில்?

ஆகவே, ப்ளூகில் பிடிப்பது அங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல, களை எடுப்பது போன்ற வேலை. அதற்கான கருவியில் மூன்று வகை உண்டு.

முதலாவது, நாணல் கழி. 10 முதல் 12 அடி நீளம். அலபாமா ஆற்றோரங்களில் தானாக வளரும் மூங்கில் இனக் கழி இது. ரீல் கிடையாது. கழியின் நீளத்துக்கே நரம்பு. அதில் தக்கை, ஈயக்குண்டு, முள். நம் ஊர் மூங்கில் தூண்டிலேதான். செலவு மிகக் குறைவு; சிக்கல் விழாது; கரையோரக் குழிகளில் இருக்கும் மீனுக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை. கரையிலிருந்து இருபதடிக்கு அப்பால் எட்டாது என்பது மட்டுமே குறை.

இரண்டாவது, பொத்தான் ரீல். ரீலின் முன்பக்கம் மூடியிருக்கும். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, வீசும்போது விட்டால் நரம்பு ஓடும். டெக்சாஸைச் சேர்ந்த ஆர்.டி.ஹல் என்ற கடிகாரம் பழுதுபார்ப்பவர் வடிவமைத்தது. ஓக்லஹோமாவில், எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி தயாரித்துவந்த ஒரு கம்பெனி 1949-ல் இதைச் செய்யத் தொடங்கியது. அந்தக் கம்பெனிதான் பின்னாளில் ஜெப்கோ என்று பெயர் பெற்றது. ஐந்தடிக் கழியில் இதை மாட்டிக் கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளையும் அரை மணி நேரத்தில் வீசக் கற்றுக்கொள்ளும். மூடிக்குள் ஈரமும் மண்ணும் தங்கும் என்பதால் அவ்வப்போது திறந்து துடைக்க வேண்டும். நரம்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, திறந்த ரீல். கழிக்குக் கீழே தொங்கும். சுருள் வெளியே தெரியும். ஒரு கிராம் எடையுள்ள இரையையும் தூரம் வீசலாம். ஐந்தரை முதல் ஆறரை அடிவரை நீளமுள்ள மெல்லிய கழியும், கடையில் இருப்பதிலேயே சிறிய அளவு ரீலும் போதும். சுருளில் நரம்பை விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவாகச் சுற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் கொத்தாக அவிழ்ந்து சிக்காகும். வீசியபின் கம்பி வளையத்தைக் கையால் மூடினால் நரம்பு முறுக்கேறாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கழி ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும்? கழி வளைந்து நிமிரும் விசைதான் இரையை வீசுகிறது. சின்ன எடைக்குத் தடித்த கழி வளையாது. இரை காலடியிலேயே விழும். மீன் இழுக்கும்போதும் வளையாத கழி மெல்லிய நரம்பை அறுத்துவிடும். கைப்பிடிக்கு மேலே, எத்தனை எடை வீசலாம், எந்த நரம்பு போடலாம் என்று எழுதியிருக்கும். ப்ளூகிலுக்கு ஒன்று முதல் ஏழு கிராம் எடைக்கான கழி, நான்கு பவுண்டு நரம்பு சரியான இணை. கழியில் உள்ள வளையங்களுக்குள் சிறிது பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அந்த வளையம் நரம்பையும் அறுக்கும்.

ரீலில் ஒரு திருகு உண்டு. மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் தானாக நழுவிக்கொடுக்க வழி செய்வது அது. நான்கு பவுண்டு நரம்பு என்றால் சுமார் 1.8 கிலோ தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் நழுவ வேண்டும். அரைக் கிலோ உப்புப் பொட்டலத்தைக் கட்டித் தூக்கினால் ரீல் மெல்ல நழுவினால் சரி. இப்படி வைத்திருந்தால் எதிர்பாராமல் மாட்டும் இரண்டு கிலோ பாஸையும் நிதானமாகக் கரை சேர்க்கலாம்.

முள் சிறிதாக, எட்டு அல்லது பத்தாம் நம்பர். ப்ளூகில் வாய்க்குள் அதைவிடப் பெரிய முள் போகாது. இரையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். காம்பு நீண்ட முள்ளாக இருந்தால் கழற்றுவது எளிது. தக்கையும் மெல்லியதாக இருக்கட்டும். நுனி மட்டும் தெரியும்படி ஈயத்தால் சமன் செய்ய வேண்டும். பெரிய உருண்டைத் தக்கையை இழுக்கும்போது கனம் உணர்ந்து மீன் இரையைத் துப்பிவிடும். இரைக்கு மண்புழு, சுவர்க்கோழிப் பூச்சி, இல்லாவிட்டால் ரொட்டி உருண்டை. பிடித்த மீனை எடுக்கும்போது முதுகு முள்ளைத் தலையிலிருந்து வால் பக்கமாக அழுத்திப் பிடித்தால் கை கிழியாது. செதில் நீக்கி, உப்பும் மக்காச்சோள மாவும் புரட்டிப் பொரிப்பது அங்கே வழக்கம்.

தூண்டில் சொல்லும் செய்தி

ஒரு மாலையில் பிடித்த மீன்களை அளந்து எழுதினாலே குட்டையின் நிலை தெரிந்துவிடும். ப்ளூகில் எல்லாம் மூன்று முதல் ஐந்து அங்குலத்திலேயே நின்று, பாஸ் அரிதாக, ஆனால் பெரிதாக மாட்டினால், சின்ன மீன் நெருக்கடி. அப்போது ப்ளூகிலைத் தாராளமாக எடுக்க வேண்டும், பாஸைத் திரும்ப விட வேண்டும். மாறாக, ப்ளூகில் உள்ளங்கையை நிறைத்து, பாஸ் நிறைய இருந்தும் ஒல்லியாக இருந்தால் பாஸ் மிகுதி. அதைக் குறைக்க வேண்டும். இரண்டிலும் சின்னதும் பெரியதும் கலந்து வந்தால் குட்டை சமநிலையில் இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் கரையோரம் சிறு வலை இழுத்து, இரு மீன்களின் குஞ்சும் இருக்கிறதா என்று பார்த்து இதை உறுதி செய்துகொள்வார்கள்.

நன்றாகப் பேணினால் இந்த மீன் எவ்வளவு வளரும் என்பதற்கும் அலபாமாவே சாட்சி. ப்ளூகில் உலக சாதனை மீன், 1950 ஏப்ரலில் பர்மிங்காம் அருகே உள்ள கீட்டோனா ஏரியில் பிடிபட்டது. எடை 2 கிலோவுக்கும் சற்று மேல்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது?

மீனை அல்ல, கணக்கை. 1960-ல் சிகாகோ மேயர் பரிசாகக் கொடுத்த ப்ளூகிலை, அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோ ஜப்பானுக்குக் கொண்டுபோய் மீன்வள ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். அது பிவா ஏரி போன்ற நீர்நிலைகளில் பரவி, அந்த நாட்டு மீன்களை ஒடுக்கியது. 2007-ல் பேரரசராக இருந்த அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். நம் நாட்டுக்கு 1952-ல் வந்த திலேப்பியா என்ற ஜிலேபி கெண்டையின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

குட்டையில் ஜிலேபி கெண்டை பெருகியிருந்தால், வாரந்தோறும் சிறு மீன்களைத் தூண்டிலாலும் வலையாலும் எடுத்துக்கொண்டே இருங்கள். இருபது சென்ட் குட்டைக்கு விலை உயர்ந்த ரீல் தேவையில்லை. பத்தடி மூங்கில், மெல்லிய நரம்பு, சின்ன முள், மண்புழு போதும். தூரம் வீச வேண்டிய பெரிய நீர்நிலைக்கு மட்டும் ரீலைப் பற்றி யோசிக்கலாம். விரால் விட்டுக் குஞ்சுகளைக் கட்டுப்படுத்துவது, புதிதாகத் திலேப்பியா வளர்ப்பது போன்றவற்றுக்கு மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தைக் கேட்டு, அனுமதி வேண்டிய இடத்தில் பெற்ற பிறகே இறங்குங்கள்.

சில எச்சரிக்கைகள். கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். பம்ப்செட்டுக்குப் போகும் கம்பிக்குக் கீழே எந்த நீளக் கழியையும் தூக்காதீர்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கு, நாரையின் காலில் சுற்றும். பிளாஸ்டிக் விரித்த குட்டையில் விழுந்தவர் வழுக்கி ஏற முடியாது. கரையில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகளைத் தூண்டிலோடு அனுப்பாதீர்கள்.

கூடவே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, எத்தனை மீன், எத்தனை அங்குலம் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், குட்டையில் மீன் பெருக்கிறதா, வெறுமனே பெருகுகிறதா என்பது தெரிந்துவிடும்.