அம்மா வீட்டு விளக்கு

சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடு வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மா தோட்டத்தை ஒட்டிய சிறு நிலத்தில் தனியாக இருக்கிறார். மின்கம்பம் அங்கே எட்டவில்லை. 100 வாட் சூரியத் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் வாங்கி வைத்தோம். இரண்டு விளக்குகள், ஒரு சிறு காற்றாடி. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் எல்லாம் அணைந்துவிடும். ஒருநாள் அந்த இருட்டில் தடுக்கி விழுந்து, அம்மா கையை முறித்துக்கொண்டார்.

"இனி இங்கே வேணாம்மா, டவுனுக்கு வந்துடுங்க" என்றேன்.

"மாட்டையும் கோயிலையும் விட்டுட்டு உன் அடுக்குமாடியில வந்து நான் என்னய்யா செய்வேன்?" என்று அம்மா கண்கலங்கினார்.

இன்னொரு தகடு வாங்கப் பணம் சேர்த்தேன். அப்போதுதான் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் மீட்டரும் கையுமாக வந்தான். "மாமா, வெயிலுக்குக் குறையில்ல. தகடு கொடுக்கிறதை நாமதான் முழுசா வாங்கல" என்றான்.

அவன் சொன்னதைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் தகட்டின் பின்புறம் 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 99 வாட். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியோ தகட்டை நேராகப் பேட்டரியோடு கட்டிப்போட்டு, 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடுகிறது. வோல்ட்டு குறைந்ததற்கு ஈடாக ஆம்பியர் கூடுவதில்லை. ஆக, கிடைப்பது 71 வாட் சொச்சம். மாறாக, வோல்ட்டை மிகவும் ஏற்றினால் ஆம்பியர் சரிந்து ஒன்றுமில்லாமல் போகும். இடையிலே ஓர் உச்சி இருக்கிறது. வெயிலும் மேகமும் சூடும் மாற மாற அந்த உச்சியும் இடம் மாறும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். உளி மேலாகப் போனால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். கைதான் அளவு தேடும். புதுவகைப் பெட்டியும் அப்படித்தான் தேடுகிறது. வோல்ட்டைச் சிறிது ஏற்றிப் பார்க்கிறது. வாட் கூடினால் அதே பக்கம் இன்னும் ஓர் அடி. குறைந்தால் திரும்பி மறுபக்கம் ஓர் அடி. பகலெல்லாம் இதே வேலை. கிடைத்த மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்கு ஊட்டுகிறது.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். தகட்டில் எழுதியிருக்கும் கணக்கு 25 பாகை சூட்டில் அளந்தது. நம் ஊர் நடுப்பகலில் தகரக் கூரைமேல் தகடு 60 பாகைக்கும் சூடேறும். சூடு ஏற ஏற வோல்ட்டு இறங்கும். ஆகவே எங்களுக்குக் கிடைத்த ஆதாயம் 10 முதல் 20 விழுக்காடுதான்.

மீதிக் குறை ரம்புத்தான் மரத்தில் இருந்தது! தகட்டில் 36 சில்லுகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. ஒன்றிரண்டில் நிழல் விழுந்தாலும் பிற சில்லுகளின் உழைப்பும் தடைபடும். நிழலில் ஒன்றுக்கு இரண்டாக உச்சிகள் தோன்றும். பெட்டி சின்ன உச்சியிலேயே ஏறி நின்றுவிடவும் கூடும். அம்மாவிடம் கேட்டு ஒரு கிளையை மட்டும் வெட்டினோம். காற்றுப் புகும்படி தகட்டைக் கூரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டினோம்.

இப்போது விளக்கு விடியும்வரை எரிகிறது. அடைமழை நாட்களில் மட்டும் காற்றாடியை நிறுத்திவிடுகிறார். அம்மா தம் வீட்டிலேயே இருக்கிறார்.

ஆகவே வாசகர்களே, இன்னொரு தகடு வாங்கப் பணத்தை எடுக்குமுன், இருக்கிற தகட்டின்மேல் நிழல் விழுகிறதா, பெட்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். நான் கேட்காமல் இருந்திருந்தால், அம்மாவை அந்த மண்ணிலிருந்து பிடுங்கி வந்திருப்பேன்.